பனி உருகும் ஓடையில் ட்ரவுட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துத் தென்மேற்கு மூலையில், குன்றுகளுக்கு நடுவே ஓடும் சின்ன ஓடைகளில், ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனுக்கு ஃப்ளை, அதாவது பூச்சி மாதிரி கட்டின செயற்கை இரை, கோர்த்துத் தூண்டில் போடுவது பற்றி இந்த மாதம் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். நாலு மாதம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவர்களின் அவசரம் கடிதங்களில் தெரிகிறது, அது எனக்கும் உண்டு. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஜனவரியிலேயே சீசன் தொடங்கிவிடுகிறது என்கிறார்கள். கூட வேலை பார்க்கும் நண்பர்களோ மே வரை ராடை (தூண்டில் கம்பை) தொடாதே என்கிறார்கள். மார்ச், ஏப்ரலில் போனால் மீன் கிடைக்குமா? எத்தனை மணிக்குப் போகவேண்டும்?
– வாசகர், மேடிசன்

கிடைக்கும், நன்றாகவே கிடைக்கும். முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். விஸ்கான்சினில் ஜனவரி முதல் சனிக்கிழமையிலிருந்து, மே முதல் சனிக்கிழமைக்கு முந்தின வெள்ளி வரை முன்சீசன். இந்தக் காலத்தில் பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும், செயற்கை இரை மட்டும்தான், புழு கோர்க்கக் கூடாது. 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமமும், அதோடு ட்ரவுட் பிடிக்கத் தனியாக வாங்கும் ட்ரவுட் ஸ்டாம்ப்பும் வேண்டும். கிளம்பும் முன் அந்த வருஷத்து விதிகளை மாநில இயற்கைவளத் துறையின் கையேட்டில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, நேரத்துக்கு வருவோம். காலண்டரையும் கடிகாரத்தையும் விடத் தண்ணீரின் சூடுதான் முக்கியம். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ட்ரவுட்டுக்கு உடம்பில் எல்லாமே மெதுவாகிவிடும், மூக்குக்கு நேரே இரை வந்தால்தான் வாயைத் திறக்கும். 7 டிகிரி தாண்டினால் கொஞ்சம் நகர்ந்து வந்து தின்னும். 10-லிருந்து 15 டிகிரி வரை அதற்குக் கொண்டாட்டம். ஒரு சின்னத் தெர்மாமீட்டரை நூலில் கட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், ஓடைக்குப் போனதும் தூண்டிலைக் கட்டுவதற்கு முன்னால் அதைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். நீங்கள் வாங்கும் சாமான்களிலேயே விலை குறைந்ததும் பயன் அதிகமானதும் அதுதான்.

இந்தப் பகுதி ஓடைகளுக்கு ஒரு விசேஷம் உண்டு. பனியுகத்தின் பனிப்பாறைகள் சுற்றிலும் எல்லாவற்றையும் வழித்துத் தட்டையாக்கிவிட்டு, இந்த ஒரு பகுதியை மட்டும் தொடாமல் விட்டுப் போனதால், செங்குத்தான குன்றும் அடியில் சுண்ணாம்புப் பாறையும் அப்படியே இருக்கின்றன. மேலே விழுகிற மழை பாறைக்குள் இறங்கி, குன்றின் அடியில் ஊற்றாக வெளியே வருகிறது. அந்த ஊற்றுத் தண்ணீர் கோடையிலும் குளிரிலும் ஏறக்குறைய 9 டிகிரியிலேயே இருக்கும். ஏரிகளெல்லாம் உறைந்து கிடக்கும் ஜனவரியில் இந்த ஓடைகள் மட்டும் ஆவி பறக்க ஓடுவது அதனால்தான், குளிர்காலத்தில் ஊற்றுக்கண்ணுக்குப் பக்கத்தில் மீன் சேர்வதும் அதனால்தான்.

இதில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. மார்ச்சில் ஒரு நாள் நல்ல வெயில் அடிக்கும், கோட்டைக் கழற்றிவிடலாம் போலிருக்கும், இன்றைக்கு மீன் துள்ளும் என்று ஓடுவார்கள். ஆனால் குன்றுச் சரிவில் இன்னும் பனி கிடந்தால், மத்தியானம் உருகின தண்ணீர் நேராக ஓடையில்தான் இறங்கும். காற்று சூடாகிக்கொண்டே போக, தண்ணீர் குளிர்ந்துகொண்டே போகும், கலங்கியும் போகும். அந்த மாதிரி நாளில் உருகல் தொடங்குவதற்கு முன்னால், காலை 10 மணியை ஒட்டி, போட்டுப் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓடையின் தலைப்பகுதிக்கு, ஊற்றுப் பக்கம் ஏறிப் போய்விட வேண்டும். பனி முழுக்கக் கரைந்த பிறகு நிலைமை தலைகீழ், வெயில் உங்கள் பக்கம் வந்துவிடும். 11 மணியிலிருந்து 4 மணி வரை போதும், 3 மணியை ஒட்டித்தான் தண்ணீர் அதிகபட்சம் சூடாகியிருக்கும். விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டிய தேவையே இல்லை, சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்புங்கள்.

ஓடைகளின் பெயர் யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்களே. நீங்களாவது சொல்லுங்கள்.
– ஒரு தம்பதி, சிகாகோ

மறைக்க ஒன்றுமில்லை, மாநில அரசே வரைபடம் போட்டுத் தருகிறது. மேடிசனிலிருந்து அரை மணிக்குள் போகக்கூடியது க்ராஸ் ப்ளெய்ன்ஸ் ஊரை ஒட்டி ஓடும் ப்ளாக் எர்த் க்ரீக். அங்கே போனால் ஒரு விஷயம்: 2013-ல் அதில் நியூசிலாந்து சேற்று நத்தை கண்டுபிடிக்கப்பட்டது, கடுகுபோலச் சின்னது, பூட்ஸில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஓடைக்கு வந்துவிடும். பூட்ஸையும் வலையையும் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைக்காமல் வேறு ஓடையில் இறங்காதீர்கள்.

ஆனால் சிகாகோவிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் காரோட்டி வருகிறீர்கள் என்றால் நான் கூன் வேலி என்ற சிற்றூருக்குத்தான் அனுப்புவேன். டிம்பர் கூலீ, ருல்லண்ட்ஸ் கூலீ, ஸ்ப்ரிங் கூலீ, பொஹீமியன் வேலி என்று சுற்றிலும் ஓடைகள். எட்டு அடி, பத்து அடி அகலம்தான் பல இடங்களில், தாண்டிக் குதித்துவிடலாம் போலிருக்கும்.

அந்த ஊரின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் ஓடையைப் பார்க்கும் கண்ணே வேறாகிவிடும். 1930-களின் தொடக்கத்தில் இந்தப் பள்ளத்தாக்கு கிட்டத்தட்டப் பாழாய்ப்போயிருந்தது. செங்குத்தான சரிவில் மேலும் கீழுமாக ஏர் ஓட்டினார்கள், மரம் இருந்த இடத்திலெல்லாம் மாட்டை மேயவிட்டார்கள். மழை பெய்தால் மண் அப்படியே வழிந்து ஓடையை மூடியது, தண்ணீர் பூமிக்குள் இறங்காததால் ஊற்றுகள் இளைத்துப்போயின. 1933-ல் அமெரிக்க அரசு, நாட்டிலேயே முதல்முதலாக ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டு மண்ணைக் காப்பாற்றிப் பார்ப்போம் என்று தேர்ந்தெடுத்த இடம் இந்தக் கூன் வேலிதான். ஹ்யூ பென்னட்டின் மண்ணரிப்புத் தடுப்புத் துறை வந்தது, வேலையில்லாத இளைஞர்களின் முகாம் வந்தது, இயற்கைப் பாதுகாப்பில் பெரிய பெயரான ஆல்டோ லியோபோல்ட் ஆலோசனை சொன்னார். விவசாயிகள் சரிவுக்குக் குறுக்கே, அதன் வளைவை ஒட்டிப் பட்டை பட்டையாக, ஒரு பட்டை தானியம், ஒரு பட்டை தீவனப்புல் என்று பயிர் வைக்க ஒப்புக்கொண்டார்கள். இன்றைக்கும் காரில் போகும்போது அந்த வளைந்த பட்டைகளைப் பார்க்கலாம். மண் நின்றது, மழை உள்ளே இறங்கியது, ஊற்றுகள் பெருகின, ஓடை குளிர்ந்தது. வெளியிலிருந்து குஞ்சு கொண்டுவந்து விடாமலேயே ட்ரவுட் தானாக முட்டையிட்டுப் பெருகுகிற அளவுக்கு இப்போது வந்திருக்கிறது. இவ்வளவுக்கும் காரணம் மேட்டில் இருக்கும் வயலில் ஒருவர் ஏரைத் திருப்பி ஓட்டியதுதான் என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு நிறைந்துவிடும். அதற்காக எல்லாம் பத்திரமாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2018 ஆகஸ்ட் கடைசியில் கொட்டின மழையில், வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியிருந்த சிறு அணைகள் சில உடைந்தே போயின.

நீங்கள் அங்கே பெரும்பாலும் பிடிக்கப்போவது ப்ரவுன் ட்ரவுட். அது இந்த மண்ணின் மீனில்லை, 1883-ல் ஜெர்மனியிலிருந்து முட்டையாகக் கப்பலில் அமெரிக்காவுக்கு வந்தது. உள்ளூர்க்காரர் ப்ரூக் ட்ரவுட், வயிற்றோரத் துடுப்பின் விளிம்பில் சுண்ணாம்பால் கோடு போட்டதுபோல வெள்ளை இருக்கும், ரொம்பக் குளிர்ந்த தலைப்பகுதிகளில்தான் அதிகம்.

என்ன வாங்க வேண்டும்? கடையில் 9 அடி ராடு, 5 வெயிட் என்கிறார்கள்.
– வாசகர், மினியாபொலிஸ்

ஆற்றுக்கும் ஓடைக்கும் ஒன்றே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதுவும் சரிதான். இந்த ஓடைகளுக்கு மட்டும் என்றால் ஏழரை அல்லது எட்டு அடி, 3 அல்லது 4 வெயிட் (வெயிட் என்பது நூலின் கனத்துக்கான எண், குறைந்தால் இலேசு). தலைக்கு மேலே வில்லோ கிளை, பின்னால் முள்வேலி, நீளமான ராடு எதிலாவது மாட்டிக்கொண்டேயிருக்கும். லீடர், அதாவது நூலின் முனையில் கட்டும் மெல்லிய நரம்பு, ஏழரை அடி, அதன் நுனியில் ஃப்ளையைக் கட்ட இன்னும் மெலிசான டிப்பெட் நரம்பு, 5எக்ஸ் கனத்தில், இரண்டு அடி. ரீலுக்குப் பெரிய செலவு வேண்டாம், இங்கே அது நூலைச் சுற்றிவைக்கத்தான். மிச்சமாகும் பணத்தை நல்ல கம்பளிக் காலுறையில் போடுங்கள். இரை கீழே இறங்க நூலில் நசுக்கிவைக்கும் குண்டு ஈயத்தில் வேண்டாம், டின் குண்டு கிடைக்கிறது, தண்ணீருக்கும் பறவைக்கும் நல்லது.

எந்த ஃப்ளை என்று கேட்டால் ஆளுக்கு ஐம்பது பெயர் சொல்கிறார்கள். மார்ச், ஏப்ரலுக்கு நாலைந்து மட்டும் சொல்லுங்கள்.
– வாசகி, மில்வாக்கி

சொல்கிறேன், ஆனால் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஓரத்தில் தண்ணீருக்குள் கிடக்கும் உள்ளங்கை அளவுக் கல் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முதலில் ஒன்றுமே இருக்காது, பச்சை வழவழப்பு மட்டும்தான். கொஞ்சம் பொறுங்கள், தண்ணீர் வடிந்ததும் கல்லே நகர்கிற மாதிரி இருக்கும். தட்டையான உடம்போடு இரண்டு வால் தெரிந்தால் அநேகமாக ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சியின் குஞ்சு. மெலிந்த உடம்பு, மூன்று வால், வயிற்றோரம் துடிக்கும் செவுள் என்றால் மேஃப்ளை. குச்சியையும் மணலையும் ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் ஒளிந்திருப்பது கேடிஸ். கல்லை எடுத்தபடியே அதே இடத்தில் திருப்பி வைத்துவிடுங்கள். உங்கள் பெட்டியில் இருப்பதில் அளவிலும் நிறத்திலும் இதற்கு எது கிட்டே வருகிறதோ அதைக் கட்டுங்கள், பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை.

நாலைந்து என்று கேட்டீர்கள். நீருக்கடியில் போட: பிங்க் ஸ்குவிரல், 14-ஆம் அளவு (தூண்டில் முள்ளின் அளவு இது, எண் கூடக் கூடப் பொடிசு). வெஸ்ட்பி ஊர்ப் பக்கத்துக்காரர் ஜான் பெத்கீ இந்த ஓடைகளுக்கென்றே கட்டினது, அணில் முடி உடம்பு, கழுத்தில் இளஞ்சிவப்புத் திரட்சி, தலையில் பொன்மணி. எதைப் போலவும் இல்லாமல் இருக்கும், ஆனால் மீன் விடாது. அப்புறம் ஸ்கட், 16-ஆம் அளவு. செடிகளுக்குள் வருஷம் முழுக்க இருக்கும் பொடி இறால் மாதிரி உயிர் அது, குளிர்காலத்தில் ட்ரவுட்டின் அன்றாடச் சோறு. மூன்றாவது, ஃபெஸன்ட் டெயில் நிம்ஃப், மேஃப்ளைக் குஞ்சு மாதிரி கட்டினது. மேலே மிதக்கவிட: மிட்ஜ் என்ற கொசு மாதிரிப் பொடிப்பூச்சிக்காக க்ரிஃபித்ஸ் நாட், 20-ஆம் அளவு, ப்ளூ விங்ட் ஆலிவ் என்ற சின்ன மேஃப்ளைக்காக அதே பெயர் ஃப்ளை, 18-ஆம் அளவு.

இந்தக் கடைசிப் பூச்சியைப் பற்றி இரண்டு வார்த்தை. மப்பும் மந்தாரமுமாக, லேசான தூறலோடு, நமக்குக் கை விறைக்கிற ஏப்ரல் மத்தியானம்தான் அதற்கு நல்ல நாள். ஈர இறகு காய நேரமாவதால் தண்ணீர்மேல் அதிக நேரம் மிதந்து போகும், மீன் வரிசையாக மேலே வந்து எடுக்கும். வெயில் இல்லையே என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் பனிமேல் கறுப்பாக ஏதோ ஊர்ந்து போவதைப் பார்த்தால் அது லிட்டில் ப்ளாக் ஸ்டோன்ஃப்ளை, கறுப்பில் ஏதாவது கட்டுங்கள். ஏப்ரல் கடைசியில் கேடிஸ் கிளம்ப ஆரம்பித்துவிடும், அதற்கு வேறு பெட்டி, வேறு கடிதம்.

நான் ஓடைக்குப் பக்கத்தில் போனதுமே நிழல் நிழலாக மீன்கள் ஓடிவிடுகின்றன. எவ்வளவு மெதுவாக நடந்தாலும் இதேதான். என்ன செய்ய, அண்ணா?
– கல்லூரி மாணவர், லா க்ராஸ்

தம்பி, இதுதான் வந்ததிலேயே நல்ல கேள்வி. சின்ன ஓடையில் எறிவதைவிட அணுகுவதுதான் வித்தை, மற்றதெல்லாம் அப்புறம்.

ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து, மேல்பக்கம் பார்த்து நிற்கும். அதனால் கீழேயிருந்து மேலே போக வேண்டும், அதன் முதுகுப் பக்கம்தான் நமக்கு வழி. அடுத்தது, தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கிற மீனுக்கு வெளியுலகம் தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள்தான் தெரியும், ஒளி வளைவதால் கரையோரம் தாழ்வாக இருப்பது ஏறக்குறையத் தெரியவே தெரியாது. நின்றால் மாட்டிக்கொள்வாய், மண்டியிட்டால் தப்பினாய். முழங்காலுக்கு ஒரு பழைய தடுப்புப் பட்டை கட்டிக்கொள். மூன்றாவது, அதிர்வு. மீனின் பக்கவாட்டில் ஓடும் கோடு அதிர்வை உணரும் உறுப்பு. மார்ச்சில் கரைமண் ஊறி மெத்தென்று இருக்கும்போது ஒரு ஆள் தொப்பென்று காலை வைத்தால் கசம், அதாவது ஓடையில் ஆழமான மடு, முழுக்கத் தந்தி போய்விடும்.

நடைமுறையில் இப்படிச் செய். கசத்துக்குக் கீழே இருபது அடி தள்ளியே நின்றுவிடு. சூரியன் எந்தப் பக்கம், உன் நிழல் எங்கே விழுகிறது, ராடின் நிழல் எங்கே விழும் என்று பார். இரண்டு நிமிஷம் ஒன்றும் செய்யாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிரு, முதலில் தெரியாத மீன் அப்புறம் தெரியும், வால் அசைவுதான் காட்டிக்கொடுக்கும். கசத்தின் வால்பகுதியில் நிற்கும் சின்ன மீனை முதலில் பிடி, அதை விரட்டிவிட்டால் அது மேலே ஓடிப் பெரியதையும் எழுப்பிவிடும். நூல் கொஞ்சம் போதும், லீடரும் அதற்குமேல் ஐந்தாறு அடியும். கிளை தாழ்ந்து எறியவே இடமில்லாத இடத்தில் ஃப்ளையை, முள்ளின் வளைவைப் பிடித்து, பின்னால் இழுத்து ராடை வில்லாக வளைத்து விட்டுவிடு, அம்பு மாதிரி உள்ளே போகும். இதை வீட்டு முற்றத்திலேயே பழகலாம். முதல் எறிதல்தான் கணக்கு, மூன்றாவதுக்குள் எடுக்காவிட்டால் அந்த மீனுக்கு நீ இருப்பது தெரிந்துவிட்டது, அடுத்த கசத்துக்கு நட.

இன்னொன்று, இந்தப் பருவத்தில் சலசலத்து ஓடும் மேட்டில் மீன் இருக்காது. குளிரில் அதற்குச் சக்தியை மிச்சம் பிடிக்க வேண்டும், அதனால் ஆழமான, ஓட்டம் தளர்ந்த கசத்தில் அடியோடு படுத்திருக்கும். மத்தியானம் தண்ணீர் இரண்டு டிகிரி ஏறியதும் கசத்தின் தலைக்கு, சலசலப்பு வந்து விழும் இடத்துக்கு நகரும். காலையில் ஆழத்தைத் தேடு, மத்தியானம் தலையைத் தேடு.

ஓடையெல்லாம் பண்ணை நிலத்துக்குள் ஓடுகிறதே, யாராவது விரட்டுவார்களா?
– வாசகர், ராக்ஃபர்ட்

விஸ்கான்சினில் தண்ணீர் பொதுச்சொத்து. பாலத்தருகே சாலையோரம் போன்ற பொது இடத்திலிருந்து ஓடையில் இறங்கி, கால் தண்ணீரிலேயே இருக்கும்வரை நடக்கலாம், விழுந்த மரம் போன்ற தடை வந்தால் மட்டும் சுற்றிப் போக ஏறலாம். கரையில் நடக்க உரிமையாளரின் அனுமதி வேண்டும், அல்லது மாநிலம் உரிமை வாங்கிப் பலகை வைத்திருக்கும் இடமாக இருக்க வேண்டும். அந்த மாதிரி இடங்கள் நிறைய. திறந்த கேட்டைத் திறந்தபடியும் மூடிய கேட்டை மூடியபடியும் விட்டுப் போங்கள். கதவைத் தட்டி மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, "திங்கவும் மாட்டே, அப்புறம் எதுக்குப்பா அதைப் பிடிச்சுப் படுத்தறே" என்கிறார். என்ன பதில் சொல்ல?
– வாசகர், மேடிசன்

அம்மா கேட்பது நியாயம், அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். மீனுக்குச் சிரமமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. நான் சொல்லக்கூடியது, சிரமத்தை மிகக் குறைவாக வைத்துக்கொள்ளலாம் என்பதுதான். முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிட்டால் ஒரு நொடியில் கழன்றுவிடும். கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள், காய்ந்த கை அதன் மேலிருக்கும் வழவழப்பை உரித்துவிடும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் தண்ணீரை விட்டுத் தூக்கவே தூக்காதீர்கள், செவுள் மெல்லிய சதை, உறைந்துபோகும். போட்டோவை மறந்துவிடுங்கள். கோடையில் தண்ணீர் 20 டிகிரி வந்தால் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும், அப்போது பிடித்து விட்டாலும் மீன் பிழைப்பது கஷ்டம்.

மே முதல் சனிக்கிழமைக்குப் பிறகு பல ஓடைகளில் அளவும் எண்ணிக்கையும் பார்த்து ஓரிரு மீன் எடுத்துக்கொள்ளலாம். அம்மா இருக்கும்போது ஒரு நாள் அப்படிப் பிடித்து, மஞ்சளும் மிளகும் தடவி வறுத்துக் கொடுங்கள். முள் குறைவு, ருசியாக இருக்கும்.

நீலகிரியிலும் ட்ரவுட் உண்டே, அதைப் பற்றியும் சொல்லுங்கள்.
– வாசகர், குன்னூர்

உண்டு. 1860-களில் ஃப்ரான்சிஸ் டே கொண்டுவர முயன்றது பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் முயற்சியில்தான் ரெயின்போ ட்ரவுட் அங்கே நிலைத்தது, 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகமும் அமைந்தது. கூன் வேலிக்குக் கொஞ்ச தூரத்தில், வெஸ்ட் ஃபோர்க் கிக்கபூ ஓடைக்கரையிலும் அவலாஞ்ச் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது, அங்கேயும் ட்ரவுட்தான். மேலே சொன்னதில் பனி உருகல் உங்களுக்குப் பொருந்தாது, உங்களுக்கு எல்லாமே மழைதான். ஆனால் மழைக்கு முந்தைய மாதங்களில் தண்ணீர் வற்றித் தெளிந்திருக்கும்போது, மாணவருக்குச் சொன்ன அந்த மண்டியிடும் வித்தை அங்கேயும் அப்படியே செல்லும். காட்டுக்குள் ஓடும் ஓடைகள் வனத்துறையின் கையில், எழுத்தில் அனுமதி இல்லாமல் தூண்டிலோடு போகாதீர்கள்.

9 வயது மகளைக் கூட்டிப்போகலாமா? தண்ணீருக்குள் இறங்கி நடக்கலாமா?
– வாசகி, மேடிசன்

தாராளமாகக் கூட்டிப்போங்கள், அவளுக்கு உரிமமும் தேவையில்லை. மாற்றுத்துணி ஒரு செட், துண்டு, பிளாஸ்க்கில் சூடாக ஏதாவது காரில் இருக்கட்டும். 5 டிகிரித் தண்ணீரில் நனைந்த குழந்தை கால் மணி நேரத்தில் நடுங்க ஆரம்பித்துவிடும், அன்றைக்கு அத்தோடு கிளம்பிவிட வேண்டும். பருத்தி உள்ளாடை வேண்டாம், ஈரமானால் காயாது, கம்பளி போடுங்கள். வெயில் வந்த நாளில் புல்லில் உண்ணி ஏறும், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால், தலைமுடி எல்லாம் தேடிப் பாருங்கள். கல்லைத் திருப்பிப் பூச்சி பார்க்கும் வேலையை அவளிடமே விட்டுவிடுங்கள், நம்மைவிட அவர்களுக்குக் கண் கூர்மை.

இறங்குவதைப் பொறுத்தவரை, பொதுப்பலகை இருக்கும் இடத்தில் கரையிலேயே நடங்கள். ப்ரவுனும் ப்ரூக்கும் அக்டோபர், நவம்பரில் சரளைக்குள் குழி பறித்து முட்டையிடுகின்றன. குளிர்காலத்தின் கடைசியில் பொரிந்தாலும், குஞ்சுகள் வயிற்றில் மஞ்சள் கருப் பையோடு மார்ச், ஏப்ரல் வரை அந்தச் சரளை இடுக்கிலேயே கிடக்கும். ஒரு பூட்ஸ் மிதித்தால் மேலேயிருக்கும் கல் இறங்கி நசுக்கிவிடும். முட்டையிட்ட புதிதில் ஒரு தாம்பாளம் அகலத்துக்கு அந்த இடம் வெளிறித் தெரியும், வசந்தத்துக்குள் பாசி படிந்து அடையாளம் மங்கிவிடும். அதனால் கசம் முடிந்து தண்ணீர் ஆழம் குறைந்து மேலேறும் இடம், பொடிச் சரளை, முழங்கால் ஆழம் என்று பார்த்தாலே அதில் கால் வைக்காதீர்கள். கடந்தே ஆக வேண்டும் என்றால் சேறோ பெரிய கல்லோ இருக்கும் இடமாகப் பார்த்துக் கடந்துகொள்ளுங்கள், சட்டப்படி தண்ணீருக்குள்தான் நடக்க வேண்டிய இடங்களிலும் ஓரத்துச் சேற்றைப் பிடித்தே போங்கள்.